கழிபொருளும் கலைப்பொருளும்: மலையகத் தோட்டப்புறக் கைவினை பற்றிய ஒரு நோக்கு

கலை என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் உள்ளத்தில் எழுவன கோயிற் கோபுரமும், செப்புத் திருமேனியும், ஆடலரங்கும், இசைமன்றமுமே. இவை யாவும் போற்றற்குரியன என்பதில் ஐயமில்லை. ஆயினும், இவற்றை மட்டுமே கலையென எண்ணிப் பழகியமையால், நாடோறும் நம் கண்முன்னே கிடக்கும் வேறொரு செல்வத்தைக் காணுந் திறனை நாம் பெரிதும் இழந்துவிட்டோம். பிறர் வேண்டாவென்று கழித்த பொருளை எடுத்துத் தம் வாழ்வுக்கு வேண்டிய பொருளாக்கி, ஆக்கும்போதே அதற்கு ஓர் அழகினையும் ஊட்டிய மக்களின் கைவினையையே ஈண்டுக் குறிக்கின்றேன். நுவரெலியா, அட்டன், தலவாக்கலை முதலிய இடங்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் வாழும் நம் மக்களிடையே இக்கைவினை எவ்வாறு தோன்றிற்று, அதனைக் கலையெனக் கொள்ளுதற்குரிய அளவுகோல் யாது, அதனைப் போற்றுவோரும் இகழ்வோரும் எங்ஙனம் தவறுகின்றனர் என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொழும்பிற் பிறந்து உலகப் புகழ் எய்திய கலைத்திறனாய்வாளர் ஆனந்த குமாரசுவாமி (1877–1947), இந்நாட்டின் கனிப்பொருள் ஆய்வுத் துறைக்குத் தலைவராயிருந்த காலத்தில் மலைநாடெங்குஞ் சுற்றித் திரிந்து, கண்டி இராச்சியத்துக் கைவினைஞரின் தொழில்களை நேரிற் கண்டு, 1908 ஆம் ஆண்டில் ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூலை வெளியிட்டார். அந்நூலில் கோயிற் சிற்பியின் வேலையோடு பாய் பின்னுவோரின் வேலையும், குயவரின் வேலையும் ஒத்த மதிப்புடன் எண்ணப்பட்டன. கலைஞன் என்பான் மக்களினின்றும் வேறுபட்ட தனிப்பிறவி அல்லன். தன் தொழிலைச் செம்மையாகச் செய்யும் எவனும் தன் வழியிற் கலைஞனே என்பது அவர் வாழ்நாள் முழுதும் வற்புறுத்திய கொள்கை. அவர் அம்மலைகளிற் சுற்றிய காலத்தில், அவற்றின் சரிவுகளில் தேயிலை தழைத்திருந்தது. அதனைத் தழைக்கச் செய்த தமிழ்த் தொழிலாளர் லயங்களில் வாழ்ந்துகொண்டிருந்தனர். அவர் எடுத்துக்கொண்ட பொருள் வேறாதலின் அவர்களைப் பற்றி அந்நூல் பேசாமை குறையெனக் கூறுதல் பொருந்தாது. ஆனால் அவருக்குப் பின் வந்தவரும், அவர் கொள்கையை மேடைதோறும் எடுத்தோதுபவருமாகிய நாம், அக்கொள்கையை நம் அயலிலுள்ள லயத்தின் வாயில்வரை கொண்டுசென்றோமா என்று நம்மை நாமே வினவிக்கொள்ளல் வேண்டும்.

இனி, இக்கைவினை பிறந்த நிலத்தை நோக்குவாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோப்பித் தோட்டங்கள் தோன்றியதோடு தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் இம்மலைகளுக்கு வரலாயினர். 1867 இல் சேம்சு தெயிலர் லூல்கந்துரையில் தேயிலையைப் பயிரிட்டார்; 1869 இல் கோப்பி இலையிற் கண்ட நோய் அப்பயிரை நாளடைவில் அழித்தொழிக்க, தேயிலையே மலையை ஆண்டது. வந்தவர் கொணர்ந்தது ஒரு மூட்டை. பெற்றது பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட லயக்காம்பரா ஒன்று.

தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களாகத் தெய்வம், உணவு, மரம், விலங்கு, பறவை, தொழில், பறை, யாழ் முதலியவற்றை வகுத்துரைத்தார். மக்கள் தம் கைக்கெட்டும் பொருளாலேயே தம் வாழ்வையும் கலையையும் அமைத்துக்கொள்வர் என்னும் உண்மை இப்பாகுபாட்டினுள் அடங்கிக் கிடக்கின்றது. உயரத்தால் நோக்கின் இம்மலைநாடு குறிஞ்சியே. ஆயின், இங்குக் குறிஞ்சியின் கருப்பொருள் தொழிலாளியின் கைக்கு எட்டியதா? காடு வெட்டப்பட்டுவிட்டது, எஞ்சிய மரம் தோட்டத்துக்குரியது, மண் குழைத்துப் பானை வனைவதற்கோ, நெல் விளைத்து வைக்கோற் பிரி திரிப்பதற்கோ அவர்களுக்குச் சொந்த நிலம் இருந்ததில்லை. அவர்களுடைய கைக்கு விலையின்றி எட்டியவை தோட்டம் கழித்த பொருள்களே. கவ்வாத்து வெட்டும்போது விழும் மிலாறு, உடைந்த தேயிலைப் பெட்டியின் பலகை, அதன் உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தாள், பெட்டியின் விளிம்பிற் பதித்த தகரப் பட்டை, உரம் வந்த சாக்கு, எண்ணெய் வந்த டின், வெற்றுப் போத்தல், கிழிந்த சேலை ஆகிய இவையே அந்நிலத்தின் கருப்பொருள்கள். மலையகத்தில் கருப்பொருளே கழிபொருளாயிற்று என்று சுருங்கக் கூறலாம்.

கழிபொருளைப் பயன்படுத்துவதெல்லாம் கலையாகுமா என்னும் வினா இங்கு எழும். ஆகாது. ஓட்டைக் கூரைக்குத் தகரத் துண்டொன்றை வைத்துக் கல்லேற்றுதல் தேவை நிறைவேற்றமே. அதனைக் கலையென்பது சொல்லுக்குச் செய்யும் தீங்கு. எனவே மூன்று இயல்புகளை அளவுகோலாகக் கொள்ள விழைகின்றேன். முதலாவது, பொருத்தம், அஃதாவது கழிந்த பொருளின் பழைய இயல்பை அறிந்து, அவ்வியல்பே புதிய பயனுக்குத் துணையாகும்படி அமைத்தல். இரண்டாவது, மிகை, பயனுக்கு வேண்டிய அளவோடு நில்லாது, கண்ணுக்கும் உள்ளத்துக்கும் என ஒரு சிறிதேனும் கூட்டிச் செய்தல். மூன்றாவது, பொதுமை, செய்தவர் மட்டுமன்றிச் சூழவுள்ளோரும் அதன் பொருளை உணர்ந்து கொள்ளல். இம்மூன்றும் கூடுமிடத்தே கைவேலை கலையாகின்றது.

முதலிற் சாக்கினை எடுத்துக்கொள்வோம். சணற்சாக்கின் அடிமூலையொன்றை மற்றை மூலைக்குள் மடித்துச் செருகின் அது தலையையும் முதுகையும் மூடும் கொங்காணியாகின்றது. கத்தரியோ ஊசியோ வேண்டா. அட்டன் மலைகளில் மாதக்கணக்கிற் பெய்யும் மழைக்கும், குனிந்து நிமிரும் தொழிலுக்கும் அதைவிட எளிதிற் பொருந்தும் ஆடையை எந்தத் தையற்காரரும் விரைவில் அமைத்துவிட இயலாது. இங்குப் பொருத்தம் என்னும் இயல்பு நிறைந்துளது. ஆயினும் மிகை இல்லை; ஆதலின் கொங்காணியை அறிவு நிறைந்த கைவினை என்பேனேயன்றிக் கலையெனக் கூறேன்.

சேலை விரிப்பின் நிலை வேறு. எங்கள் அப்பாயி, கொழுந்து பறித்தே முதுமையெய்தியவர், பழஞ்சேலைகளை நான்கைந்து மடிப்பாக அடுக்கி, சாக்கிலிருந்து உருவிய நூலால் நெருக்கமாகத் தைத்து விரிப்புச் செய்வார். நுவரெலியாக் குளிருக்கு அது வேண்டியதே. ஆனால் ஒவ்வொரு விரிப்பின் ஓரத்திலும் நான்கு விரல் அகலத்திற் சிவப்புத் துண்டொன்றை வைத்துத் தைத்த பின்னரே அதனை முடிந்த வேலையாகக் கொள்வார். அச்சிவப்புத் துணிக்கென அயல் லயங்களிலும் கேட்டு வாங்குவதுண்டு. அவ்வோரம் குளிரைத் தடுப்பதன்று. துணியை உறுதி செய்வதுமன்று. அது இல்லாவிடில் விரிப்பு ‘மொட்டையாக’ இருக்கும் என்பதே அவர் கூறிய காரணம். யாம் மேலே மிகை என்றது இதனையே. அன்றியும், எந்தத் துண்டு எவருடைய மணச்சேலை, எது இறந்துபோன எவருடையது என்பதை லயத்துப் பெண்கள் யாவரும் அறிவர். ஆதலின் அவ்விரிப்பு அக்குடும்பத்தின் வரலாற்று ஏடுமாகும். பொருத்தம், மிகை, பொதுமை ஆகிய மூன்றும் அதன்கண் ஒருங்கே அமைந்துள்ளன.

இதனையொத்த விரிப்புக்கள் உலகின் வேறொரு தோட்டப்புறத்திலும் பிறந்தன. ஐக்கிய அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், அடிமைகளாகப் பருத்தித் தோட்டங்களில் உழைத்தவரின் வழித்தோன்றல்களாகிய கறுப்பினப் பெண்கள் வாழும் கீஸ் பெண்ட் என்னும் சிற்றூர் உளது. அவர்கள் தேய்ந்த வேலையுடுப்புக்களை வெட்டித் தைத்த விரிப்புக்கள், 2002 ஆம் ஆண்டில் ஊசுட்டன் நகர நுண்கலை நூதனசாலையிலும், பின்னர் நியூயோர்க்கின் விற்னி நூதனசாலையிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. திறனாய்வாளர் அவற்றைத் தற்கால ஓவியத்தின் தலைசிறந்த படைப்புக்களுக்கு ஒப்பாகப் புகழ்ந்தனர். எனினும் 2007 இல் அப்பெண்களுட் சிலர், தம் வேலையினால் விளைந்த ஊதியத்தில் தமக்குரிய பங்கு கிட்டவில்லையென வழக்குத் தொடுத்தனர்; அவ்வழக்குகள் அடுத்த ஆண்டில் முடிவுற்றன. புகழ் பொருளுக்குச் சென்று, பயன் செய்தவருக்குச் செல்லாதிருத்தல் கூடும் என்னும் எச்சரிக்கையை இவ்வரலாறு நமக்குத் தருகின்றது.

இனி, கூத்துக்கு வருவோம். மாசித் திங்களில் தோட்டங்களில் நிகழும் காமன் கூத்து மலையக மக்களின் பெருங்கலை. அமாவாசை கழிந்து காமன் கம்பம் நட்டபின், இரதியும் மதனும் லயந்தோறும் ஆடிவருவர், நிறைமதியை அடுத்துச் சிவபெருமானின் நெற்றிக்கண்ணாற் காமன் எரிக்கப்படுவான், இரதி புலம்புவாள், பின்னர்க் காமன் உயிர்ப்பிக்கப்படுவான். இக்கூத்தில் மகுடமும், புயத்திற் கட்டும் அணியும், மார்புப் பதக்கமும் இன்றியமையாதன. யான் சிறுவனாயிருந்த காலத்தில் எங்கள் தோட்டத்து இரதியின் மகுடம் தேயிலைப் பெட்டியின் மெல்லிய பலகையை அறுத்து, அதன் மேல் அதே பெட்டியின் ஈயத்தாளை ஒட்டி, உடைந்த கண்ணாடிச் சில்லுகளைப் பதித்துச் செய்யப்பட்டது. ஸ்டோரிலே தேயிலை ஈரம்படாது காத்தற்கு வந்த தாள், கூத்துக் களத்திலே தீவட்டி ஒளியைப் பொன்னொளியாகத் திருப்பியது. அது பொன்னன்று என்பதைக் காண்போர் யாவரும் அறிவர். பகலில் அத்தாளைக் கையாண்டவரும் அவர்களே. அறிந்திருந்தும் அதனைப் பொன்முடியாக ஏற்றுக்கொண்டமையே அக்கூத்தின் பொதுமை.

பின்னர்ப் பலகைப் பெட்டி வழக்கொழிந்து, தேயிலை கடதாசிப் பைகளிற் கப்பலேறத் தொடங்கிற்று. ஈயத்தாள் அரிதாயிற்று. கூத்து நின்றுவிடவில்லை, அண்மையிற் கண்ட மகுடமொன்றில், பாட்டுக் கேட்டுப் பழுதான இறுவட்டுக்கள் கதிர்போலப் பதிக்கப்பட்டிருந்தன. இதனைக் கண்டு, ‘மரபு கெட்டது’ என வருந்திய நண்பர் ஒருவருக்கு யான் கூறியது இதுவே: ஈயத்தாளும் முன்னோர் தமிழகத்திலிருந்து கொணர்ந்த மரபன்று, அதுவும் அந்நாளிற் கைக்கெட்டிய கழிபொருளே. ஒளிரும் பொருளைத் தேடியெடுத்துத் தெய்வக்கோலத்துக்கு அணியாக்குதலே மரபு. இன்ன பொருள் என்பது மரபன்று. மேலும், எரிந்து சாம்பரானவன் மீண்டெழுவதே காமன் கதையாதலின், கழிந்தொழிந்த பொருள் மீண்டெழுந்து அவன் முடியாதல் அக்கதைக்கு மிகவும் இயைந்ததன்றோ?

தெய்வங்களும் இவ்வாறே அமைந்தன. தேயிலைத் தொழிற்சாலையைச் சுழற்றிய சக்கரத்தை மக்கள் ரோதை என்றனர். மனிதரின் கையையும் சேலைத் தலைப்பையும் பற்றி இழுக்கவல்ல அச்சக்கரத்தின் அருகே ரோதைமுனி என்னும் காவற்றெய்வம் தோன்றிற்று. கவ்வாத்து வேலையிற் கத்தி காலில் விழாமற் காத்தற்குக் கவ்வாத்துச்சாமி எழுந்தருளினார். சிற்பநூல் முறையில் வடித்த திருமேனி இவற்றுக்கில்லை. மரத்தடியில் ஒரு கல், குங்குமம், தேய்ந்து ஒதுக்கப்பட்ட ஒரு கத்தி, கம்பியை வளைத்து நாட்டிய ஒரு சூலம் ஆகியனவே போதும். கல்வியறிவு குறைந்தோரின் மூடநம்பிக்கை இஃதென்று கூறிக் கடந்துவிடுவோர் உளர். யான் அவ்வாறு கருதேன். தங்கள் ஊரின் முனியாண்டியையும் மாடசாமியையும் உடன்கொணர்ந்த மக்கள், புதிய நிலத்தின் புதிய அச்சத்துக்கும் ஒரு பெயரிட்டு, உருவமைத்து, அதனோடு பேசத் தொடங்கினர். அறியாத இயந்திரத்தை அறிந்த தெய்வத்தின் ஆணைக்குள் அடக்கினர். படைப்பாற்றலுக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இன்று தோட்டங்கள் பலவற்றிற் சீமெந்தாற் கோயில் கட்டிக் குடமுழுக்குச் செய்கின்றனர். மகிழத்தக்கதே. ஆயினும் வேலை முடிந்தபின், பழைய கல்லும் துருவேறிய கத்தியும் கோயிற் பின்புறத்திற் குப்பையோடு கிடத்தலை ஓரிடத்திற் கண்டேன். கழிபொருளிற் பிறந்த தெய்வம் மீண்டுங் கழிபொருளாதல் தகுமோ? புதுக்கோயிலின் ஒரு மூலையில் அவற்றுக்கும் ஓரிடம் கொடுத்தல் சமயத்துக்கும் அழகு, வரலாற்றுக்கும் அழகு.

இதுவரை கூறியவை இனிய பக்கம். இனிக் கூறுவது இனியதன்று. ஆயினும் திறனாய்வு அதனை விலக்கிச் செல்லுதல் நேர்மையன்று. தப்பினைப் பற்றிப் பேசுகின்றேன். இறந்த மாட்டின் தோலை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டித் தீயிற் காய்ச்சி அடிக்கப்படும் இக்கருவி, கழிபொருளிலிருந்து பிறந்த கலைகளுள் மிகப் பழையது. காமன் கூத்தின் உயிர் அதன் அடியிலேயே உளது. அதே தப்புத்தான் விடியற்காலையில் மக்களைப் பெரட்டுக்கு எழுப்பிற்று. இரவில் இரதியை ஆடவைத்த கைகளே வைகறையில் வேலைக்கு அழைக்கவும் பணிக்கப்பட்டன. அக்கைகளுக்கு நாம் கொடுத்த மதிப்பு யாது? தோலைத் தொட்டவரைத் தாழ்ந்தோர் என்றோம். அவர்களின் அடியில்லாமல் நம் திருவிழாவும் இல்லை, பிணமும் எழாது. எனினும் அவர்களை நம் இஸ்தோப்பில் ஏறவிடாத நாட்களும் இருந்தன. ஒரு பொருளைக் கழிபொருளென ஒதுக்குவதற்கும், அதனைத் தொட்டு உயிரூட்டும் மனிதரை ஒதுக்குவதற்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறுகியது.

மேற்கிந்தியத் தீவாகிய திரினிடாட்டும் தோட்டத் தொழிலாற் பெயர்பெற்ற நாடே. கரும்புத் தோட்டங்களுக்கு நம்மவருட் பலரும் அங்குச் சென்றனர். அத்தீவின் கறுப்பின மக்கள், பறையடித்தலை ஆட்சியாளர் கட்டுப்படுத்திய காலத்தில் மூங்கிலையும், பின்னர்த் தகர டின்களையும், இறுதியில் வெற்று எண்ணெய்ப் பீப்பாக்களையும் தட்டிச் சுரம் அமைத்துப் புதிய இசைக்கருவியொன்றைப் படைத்தனர். அதனை இசைத்த சேரி இளைஞர் ஒருகாலத்திற் போக்கிரிகள் எனத் தூற்றப்பட்டனர். அக்கருவி இன்று அந்நாட்டின் தேசிய இசைக்கருவி. தப்பும் அண்மைக் காலத்தில் பள்ளி விழாக்களிலும் அரங்குகளிலும் ஏறிவருவதைக் காண்கின்றோம். கருவி மேடையேறியதோடு அமையாது, அதனை வழிவழியாகக் காத்தவரின் மக்களும் மதிப்பான இருக்கையில் அமரும் நாளிலேயே அவ்வேற்றம் முழுமை பெறும்.

இனி, இகழ்வோரை விடுத்துப் போற்றுவோரின் தவற்றினை நோக்குவாம். கழிபொருட் கலையைப் புகழ்வோர் சிலர், வறுமையையே புகழத் தொடங்கிவிடுகின்றனர். இல்லாமையே இவர்களைக் கலைஞராக்கிற்று என்கின்றனர். குப்பி லாம்பினை எடுத்துக்கொள்வோம். வெற்றுப் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றி, மூடியில் துளையிட்டுத் திரி செருகிய இவ்விளக்கினருகே படித்தே எம்போல்வார் பலர் பரீட்சை எழுதினோம். பிற்காலத்தில் வெளிவாரிப் பட்டத்துக்கு யான் படித்தபோதும் மின்சாரம் தடைப்பட்ட இரவுகளில் அதுவே துணை. ஆதலின் அதன்மேல் அன்பு உண்டு. ஆயினும் உயர்ந்து மெலிந்த போத்தல் எளிதிற் சாயும். மூடி கழன்று எண்ணெய் சிந்தித் தீப்பற்றும். இவ்விளக்கினால் எரிகாயமுற்றோரும் இறந்தோரும் இந்நாட்டிற் பலர். அவர்களுக்கு மருத்துவஞ் செய்த அறுவை மருத்துவர் விஜய கொடகும்புர, 1990களில், குட்டையாய்த் தடித்த கண்ணாடியில் இருபுறமும் தட்டையாக்கி, திருகு மூடியமைத்துச் சாயாத விளக்கொன்றை வகுத்தார். சிறிய மார்மைட் போத்தலின் வடிவே அவருக்கு வழிகாட்டிற்று. அதற்காக 1998 இல் ரோலெக்ஸ் விருதும் பெற்றார். கழிந்த போத்தலொன்றே குறையையும் தந்தது. மற்றொரு போத்தலே தீர்வையும் காட்டிற்று. இதனால் அறியக்கிடப்பது, மக்களின் கைவினையை மதித்தல் என்பது அதன் குறையை மறைத்தலன்று; குறையை அறிந்து திருத்துதலும் மதிப்பின் ஒரு பகுதியே. நல்ல வீடும், நிலவுரிமையும், மின்னொளியும் பெற்றால் இக்கலை அழிந்துவிடுமே என்று எவரேனும் இரங்குவாராயின், அவர் கலையையும் அறியார், மக்களையும் அறியார். சிவப்பு ஓரம் வைக்கத் தூண்டியது வறுமையன்று. வறுமையிலும் அடங்காத மனம்.

இவ்வளவும் எழுதுதற்கு எனக்குத் தகுதியுண்டோ என ஐயுறச் செய்யும் நிகழ்ச்சியொன்று உளது. அதனை மறையாது கூறுதல் கடன். 2019 ஆம் ஆண்டில் பாடசாலையொன்றில் நடந்த கழிவுப்பொருட் கைப்பணிப் போட்டிக்கு யானும் ஒரு நடுவனாக அமர்ந்தேன். எட்டாந் தரத்து மாணவனொருவன் பழைய பால்மா டின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். ஆணியால் அதன் சுற்றெங்கும் சிறு துளைகள் இடப்பட்டிருந்தன. உட்புறம் புகையேறிக் கறுத்திருந்தது.

“இது என்னப்பா?” என்று கேட்டேன்.

“வெளக்குக் கூடு சேர். கரன்ட் போனா இதுக்குள்ளதான் மெழுகுதிரி வைப்போம். செவத்துல மயிலு தெரியும்.”

பட்டப்பகலில் மயிலைக் காண எனக்கு நேரமில்லை. “போட்டிக்குன்னு புதுசா செஞ்சிருக்கணும் தம்பி, வீட்டுல பாவிச்ச சாமான் வேண்டாம்” என்று கூறி அதனை விலக்கிவிட்டேன். முதற் பரிசு, பிளாத்திக்குக் கரண்டிகளால் அமைத்த தாமரைக்குச் சென்றது. அக்கரண்டிகள் போட்டிக்கெனக் கடையிற் புதிதாக வாங்கப்பட்டவை என்பதைப் பின்னரே அறிந்தேன். கழிவுப்பொருட் கலைப் போட்டியிற் கழிவுப்பொருளைக் கழித்து, கடைப்பொருளைக் கலையாக்கிய பெருமை எனக்குரியதாயிற்று.

2022 ஆம் ஆண்டு, நாடெங்கும் நாளொன்றிற் பல மணிநேரம் மின்சாரம் துண்டிக்கப்பட்ட காலத்தில், வகுப்புக்கு வாராத மாணவர்களைத் தேடித் தோட்டங்களுக்குச் சென்றபோது, அம்மாணவனின் காம்பராவுக்கும் செல்ல நேர்ந்தது. அவன் அங்கில்லை. கொழும்பிற் கடையொன்றுக்கு வேலைக்குப் போய்விட்டான். இருட்டியிருந்தது. அவன் பாட்டியார், “இருங்க சேர், வெளக்கு வைக்கிறேன்” என்று கூறி அந்த டின்னுக்குள் மெழுகுவர்த்தித் துண்டொன்றை ஏற்றி வைத்தார். புகைபடிந்த சுவரில், முருகன் படத்துக்குக் கீழே, தோகை விரித்த மயிலொன்று எழுந்து நின்றது. சுடர் அசையுந்தோறும் அத்தோகையும் அசைந்தது. யான் மேலே வகுத்த பொருத்தம், மிகை, பொதுமை என்னும் மூன்றினையும் ஒருங்கே கண்ட இடம் அதுவே. அவ்வளவுகோலை எனக்குக் கற்பித்ததும் அந்த டின்னேயன்றி வேறன்று. அன்று யான் விலக்கியது ஒரு தகரத்தை மட்டுமோ, ஒரு மாணவனின் ஊக்கத்தையுமோ என்னும் வினாவுக்கு இன்றும் விடை காண அஞ்சுகின்றேன். அவன் கல்வியை விட்டமைக்குக் காரணம் வறுமை. அதனை யான் அறிவேன். ஆயினும் அவன் கையிலிருந்த திறனை ஒருவரேனும் கண்டு பாராட்டியிருந்தால் என்னும் எண்ணம் என்னைவிட்டு நீங்கவில்லை.

இனிச் செய்யத்தக்கது யாது? மலையகத்தின் வாய்மொழிப் பாடல்கள் முற்றும் அழியாமல் ஏடேறியமைக்கு நாம் பெரிதும் கடப்பாடுடையோம். 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றஞ் சென்றவரும், தோட்டத்திற் பிறந்து வளர்ந்தவருமாகிய சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) அப்பாடல்களை லயம் லயமாகக் கேட்டுத் தொகுத்தார். பாட்டினை எழுதிவைத்தல் கூடும். பண்டத்தை எழுதிவைத்தல் இயலாது. ஆதலின் பாடல் பெற்ற பேற்றினைக் கைவினைப் பொருள்கள் பெறவில்லை. கம்பளைக்கு அண்மையில், பழைய லயமொன்றையே இல்லமாகக் கொண்டு, கண்டிச் சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007 இல் அமைத்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை இக்குறையை நீக்க எழுந்த நன்முயற்சி. தொழிற்கருவிகளும், வீட்டுப் பாத்திரங்களும், இசைக்கருவிகளும் தாம் பிறந்த சுவர்களுக்குள்ளேயே அங்கு வைக்கப்பட்டிருத்தல் சாலச் சிறந்தது. நகரத்துக் கண்ணாடிப் பேழைக்குள் அவை தம் பொருளை இழந்திருக்கும்.

புதிய தலைமுறையும் வாளாவிருக்கவில்லை. மலையக வாழ்வைத் தம் படைப்புக்குப் பொருளாகக் கொண்ட ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம், பயன்படுத்தி எறியப்பட்ட தேயிலைப் பைகளையே ஊடகமாக்கிக் கலை படைத்துள்ளார். முன்னோர், தேயிலை புறப்படும் இடத்திற் கழிந்தவற்றை எடுத்துக் கையாண்டனர். இவரோ அத்தேயிலை கிண்ணத்தில் முடிந்தபின் எஞ்சியதை எடுத்துக் கேள்வி எழுப்புகின்றார். அருந்தியவர் அறியாத கைகளின் கறை அப்பையிற் படிந்துளது என்பதே அவ்வூடகம் நமக்கு உணர்த்தும் பொருள். லயத்து விரிப்புக்கும் இவ்வோவியத்துக்கும் இடையே ஓர் உறவு உண்டு என்பதை நம் மாணவர் அறிதல் வேண்டும்.

ஆசிரியராகிய நாம் செய்யக்கூடியது எளிதே. கழிவுப்பொருட் போட்டிகளில் கடைப்பொருளுக்கு இடமளியாது விடுவோம். வீட்டிற் புழங்கும் பொருளொன்றைக் கொண்டுவந்து, அதனை யார் செய்தார், எதனாற் செய்தார், ஏன் அவ்வாறு செய்தார் என்று மாணவரை எழுதச் செய்வோம். பாட்டியிடம் கேட்டு எழுதிய அப்பக்கம் பரிசுபெற்ற தாமரையினும் மேலானது. ஒவ்வொரு பாடசாலையும் ஆண்டுக்கு இருபது பொருள்களையேனும் படமெடுத்து விவரம் எழுதிவைக்குமாயின், பத்தாண்டுகளில் எழுதப்படாதிருந்த கலைவரலாறொன்று நம் கையில் இருக்கும். இருநூறு ஆண்டுகளின் நினைவை 2023 இல் நாடறியக் கொண்டாடிய மக்களுக்கு, தம் கைகள் செய்த பொருள்களின் வரலாற்றை எழுதிக்கொள்ளுதல் அரிதன்று.

1948 ஆம் ஆண்டின் சட்டத்தாற் குடியுரிமை இழந்து, 1964 ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தால் எண்ணிப் பங்கிடப்பட்ட மக்கள் இவர்கள். நாடுகளே வேண்டாவென ஒதுக்கிய காலத்திலும் தம் கைக்கெட்டிய ஒன்றையும் வேண்டாவென ஒதுக்காதவர்கள். கழிபொருளினின்றும் கலைப்பொருளை ஆக்கிய இம்மக்களின் மாண்பினை, அவர்தம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பேறுபெற்ற நாமாவது உணர்வோமாக. சுவரில் எழுந்த அம்மயிலைக் காண நமக்கு வேண்டுவது புலமையன்று. சற்றுநேரம் இருளில் அமர்ந்திருக்கும் பொறுமையே.